பெத்தகானவில் பூநாரை வருமா?

வாசகர் கேள்வி – பதில்

கொழும்பைச் சுற்றியுள்ள சதுப்புகளுக்கு வரும் வலசைப் பறவைகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் கேள்விகளை ஒன்றாக்கிவிட்டோம். “எந்தத் திகதியில் போனால் எந்தப் பறவை நிச்சயம் நிற்கும்?” என்று கேட்டவர்களுக்கு மட்டும் பதில் இல்லை. அப்படி யாராவது உறுதி தந்தால் நம்பவும் வேண்டாம்.

பெத்தகான சதுப்புப் பூங்காவுக்குப் பிள்ளைகளோடு டிசம்பரில் போனோம். வெளிநாட்டுப் பறவைகள் ஆயிரக்கணக்கில் நிற்கும் என்று சொல்லிக் கூட்டிப்போனதால் பிள்ளைகளுக்குப் பெரிய ஏமாற்றம். கொக்கும் நீர்க்காகமும்தான் நின்றன. பூநாரை ஒன்றுகூட இல்லை. பிழையான காலத்தில் போய்விட்டோமா?
– வாசகி, வெள்ளவத்தை

காலம் சரிதான். தேடிய பறவைதான் அந்த இடத்துக்குரியது அல்ல. பூநாரைக்கு ஆழம் குறைந்த, மரஞ்செடி அண்டாத, பரந்த உவர்நீர்ப் பரப்பு வேண்டும். மன்னார், யாழ்ப்பாணக் களப்பு, அம்பாந்தோட்டைப் பக்கத்துக் களப்புகள், உப்பளங்கள் என்று அதற்கு வேறு ஊர்கள் இருக்கின்றன. பெத்தகான புல்லும் மரமும் அடர்ந்த சுமார் 18 ஹெக்டேயர் நன்னீர்ச் சதுப்பு. அங்கே பூநாரை வராது.

கொழும்பில் ஒரு விதியை மனதில் வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது: கண்ணைப் பறிக்கும் பெரிய பறவைகள் பெரும்பாலும் நம்மூர்க்காரர். கூழைக்கடா, சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை, செந்நாரை, நீலத்தாழைக்கோழி, பாம்புத்தாரா எல்லாம் ஆண்டு முழுவதும் இங்கேயே இருப்பவை. பேர வாவியில் நிற்கும் கூழைக்கடாக்களை “அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தவை” என்று சொல்வோர் இன்னும் இருக்கிறார்கள். கூட்டமாகப் பறந்து சீழ்க்கையடிக்கும் சீழ்க்கைச் சிறகிகளும் வெளிநாட்டு வாத்துகள் அல்ல. நீளவால் இலைக்கோழி இன்னொரு குழப்பம். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் அதன் நீண்ட வால் உதிர்ந்து, கழுத்தின் பொன்னிறமும் மங்கிவிடும். அப்போது பார்ப்பவர்கள் புதிதாக ஏதோ பறவை வந்திருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள்.

உண்மையில் வந்தவை சின்னவை, அநேகமாகப் பழுப்பு நிறத்தவை. மின்கம்பியில் வரிசையாக இருக்கும் தகைவிலான்கள், வேலிக்கம்பத்து உச்சியில் கண்ணுக்குக் கறுப்புப் பட்டி கட்டிய பழுப்புக் கீச்சான், கால்வாய் ஓரத்தில் பின்புறத்தை ஆட்டிக்கொண்டு நடக்கும் உள்ளான் (சேற்றில் இரை தேடும் சிறு கரைப்பறவை), அந்திப் பொழுதில் வட்டமடிக்கும் நீலவால் பஞ்சுருட்டான். மரநிழலில் பழுப்பு ஈபிடிப்பான், ஆறுமணிக் குருவி, கொடிக்கால் வாலாட்டி. இவற்றை நீங்கள் கடந்தே போயிருப்பீர்கள். அடுத்த முறை பிள்ளைகளிடம் பழுப்புக் கீச்சானைத் தேடச் சொல்லுங்கள். குளிர்காலம் முழுவதும் ஒரே இடத்தைத் தன் எல்லையாக வைத்துக் காவல் காக்கும் பறவை அது. ஒரு கம்பத்தில் கண்டால் அடுத்த வாரமும் அதே கம்பத்துக்குப் பக்கத்தில் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு அது “எங்கட பறவை” ஆகிவிடும்.

எந்த மாதம் போவது நல்லது?
– வாசகர், கொட்டாஞ்சேனை

ஓகஸ்ட் முதலே உள்ளான்கள் வரத் தொடங்கும். செப்டெம்பர், ஒக்டோபரில் கீச்சானும் பஞ்சுருட்டானும் ஆறுமணிக் குருவியும் வந்துசேரும். ஏப்ரலில் பெரும்பாலானவை திரும்பிவிடும். இலங்கை மத்திய ஆசிய வலசைப் பாதையின் தென்முனை. இதற்கப்பால் தெற்கே சமுத்திரம்தான், ஆகவே வந்தவற்றில் பெரும்பாலானவை தங்கிப்போகவே வருகின்றன.

ஆனால் மாதத்தைவிட மழையைப் பாருங்கள். ஒக்டோபர், நவம்பர் மழையில் சதுப்பு நிரம்பிவிடும். சேறு தண்ணீருக்கடியில் போனால் உள்ளானுக்கு நிற்க இடமில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை தண்ணீர் இறங்க இறங்கக் கரையோரம் சேறு தெரியவரும். உப்புக்கொத்திகள் தண்ணீர் தேங்காத ஈரச்சேற்றில் ஓடும். பொரி உள்ளானுக்கு இரண்டு முதல் ஐந்து சென்ரிமீற்றர் தண்ணீர் போதும். நெடுங்கால் உள்ளான் ஒரு சாண் தண்ணீரிலும் சமாளிக்கும். ஓர் இடத்தில் சேறே தெரியவில்லை என்றால் அன்றைக்கு உள்ளான்களை விட்டுவிட்டு மரங்களைப் பாருங்கள்.

வெளிநாட்டு வழிகாட்டிகளில் வற்றுப்பெருக்கு அட்டவணை பார்த்துப் போகச் சொல்லியிருக்கும். நம் மேற்குக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றரைத் தொடுவதில்லை. நீர்கொழும்புக் களப்பில் கொஞ்சம் பயன்படும். நகரத்துச் சதுப்புகளுக்கு அது தேவையே இல்லை.

எல்லா உள்ளானும் எனக்கு ஒரே மாதிரித் தெரிகின்றன. படம் பார்த்துப் படித்தாலும் வயலில் போய் நின்றால் மறந்துவிடுகிறது. ஏதாவது சுருக்கவழி உண்டா?
– வாசகர், தெஹிவளை

உண்டு. முதலில் நிறத்தை மறந்துவிடுங்கள். குளிர்காலத்தில் எல்லாமே மேலே சாம்பல் பழுப்பு, கீழே வெள்ளை. நடை, வளர்த்தி, பறக்கும்போது முதுகில் தெரியும் வெள்ளை, குரல் என்ற நான்கையும் வரிசையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கொழும்பில் உங்களுக்கு அடிக்கடி வேண்டியது ஐந்தாறு இனங்கள்தான்.

நிற்காமல் பின்புறத்தை மேலும் கீழும் ஆட்டுகிறதா? தனியாகக் கல்லிலோ கொங்கிரீட் கரையிலோ நிற்கிறதா? மார்பின் வெள்ளை, இறக்கைக்கு முன்னால் ஓர் ஆப்பு வடிவில் தோள்பட்டை வரை ஏறுகிறதா? அது சாதாரண உள்ளான். பறக்கும்போது சந்தேகமே இருக்காது. தண்ணீரை ஒட்டித் தாழப் பறக்கும். இறக்கையைக் கீழ்நோக்கி வளைத்து, விறைப்பாக, சின்னச் சின்ன வீச்சாக அடித்து, இடையிடையே சறுக்கும். இறக்கையில் வெள்ளைக் கோடு தெரியும், முதுகின் அடிப்பகுதியில் வெள்ளை இருக்காது. நகரத்துக்குள் கால்வாயோரம் காண்பது பெரும்பாலும் இதுதான்.

முதுகில் புள்ளிகள் தெளித்திருக்கிறதா? கண்ணுக்கு மேலுள்ள வெளிர்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னாலும் போகிறதா? கால் மஞ்சள் கலந்ததா? பொரி உள்ளான். எழும்பும்போது வால் அடியில் வெள்ளை பளிச்சிடும், “சிப்-இப்-இப்” என்று கத்தும். வயலில் பத்துப் பதினைந்து சேர்ந்தும் மேயும்.

அதே வடிவம், ஆனால் முதுகு மிகக் கருமை, புள்ளி நுண்ணியது, கண்கோடு கண்ணுக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது என்றால் அது பச்சை உள்ளான். பறக்கையில் இறக்கையின் கீழ்ப்புறம் ஏறத்தாழக் கறுப்பு, வாலடி வெள்ளை. அந்தக் கறுப்பு–வெள்ளை வேறுபாடு தூரத்திலிருந்தே தெரியும். பொரி உள்ளானின் இறக்கை கீழே வெளிறியது. இந்த இரண்டையும் பிரிக்க நம்பக்கூடிய இடம் இறக்கையின் அடிப்புறம்தான். தூரத்தில் கால் நிறத்தை நம்பாதீர்கள், சேறு அப்பிய கால் எல்லா நிறத்திலும் இருக்கும்.

உயரமாக, மெல்லிய உடலோடு, ஊசி போல நேரான கரிய அலகோடு நின்றால் சதுப்பு உள்ளான். அதைவிடப் பருத்து, அலகு தடித்துச் சற்றே மேல்நோக்கி வளைந்திருந்தால் பச்சைக்காலி. பச்சைக்காலி எழும்பும்போது “தியூ-தியூ-தியூ” என்று மூன்று முறை உரக்கக் கத்தும். கால் சிவப்பும், பறக்கையில் இறக்கையின் பின்விளிம்பில் அகன்ற வெள்ளையும் தெரிந்தால் பவளக்காலி. அதைக் களப்புப் பக்கம் தேடுங்கள்.

காலடியிலிருந்து திடீரென்று கிளம்பி, வளைந்து வளைந்து ஓடிப் புல்லுக்குள் விழுவது வேறு வகை, நீண்ட அலகுள்ள புல் உள்ளான். இலங்கையில் மிகுதியாக வருவது ஊசிவால் உள்ளான். இறக்கையின் பின்விளிம்பில் தெளிவான வெள்ளைக் கோடு இருந்தால் மட்டும் கோரை உள்ளான் என்று எழுதுங்கள். கோடு தெரிந்ததா இல்லையா என்று உறுதியில்லை என்றால் “புல் உள்ளான், இனம் தெரியவில்லை” என்று எழுதுவதே மரியாதையான பதிவு.

வெள்ளை வால் நீண்டு தொங்கும் அழகான பறவையைத் தியசரு பூங்காவில் கண்டோம். எங்கள் ஊரில் அதே பறவை செம்பழுப்பில்தான் இருக்கும். இரண்டும் வேறு இனங்களா?
– வாசகி, பத்தரமுல்லை

ஒரே இனம், அரசவால் ஈபிடிப்பான். இலங்கையில் நிரந்தரமாக வாழும் கிளையினத்தின் ஆண் செம்பழுப்பிலேயே இருந்துவிடும். இந்தியாவிலிருந்து வலசை வரும் கிளையினத்தின் முதிர்ந்த ஆண்தான் வெள்ளை. ஆகவே நீங்கள் கண்டது விருந்தாளி. ஆனால் செம்பழுப்பெல்லாம் உள்ளூர் என்று சொல்லிவிட முடியாது. வலசை வரும் பெண்ணும் இளம் ஆணும் செம்பழுப்புத்தான்.

பைனாகுலர் வாங்கப் போகிறேன். கடையில் 10×25 முதல் 20×50 வரை காட்டுகிறார்கள். பெரிய எண் உள்ளதுதானே நல்லது? மூக்குக்கண்ணாடி அணிபவன் நான்.
– வாசகர், வத்தளை

இல்லை. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீற்றரில். இரண்டாவதை முதலால் வகுத்தால் கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8×42 என்றால் 5.25 மில்லிமீற்றர். 10×25 என்றால் 2.5 தான். காலை ஆறரைக்கு மரநிழலில் ஆறுமணிக் குருவியைப் பார்க்க 2.5 போதாது, இருட்டாகத் தெரியும். 20×50 இலும் அதே 2.5 தான், அதோடு கை நடுக்கமும் இருபது மடங்காகும். முக்காலி இல்லாமல் அதைத் தூக்குவது வீண்வேலை.

நம் சதுப்புகளுக்கு 8×42 போதும். பார்க்கும் பரப்பு அகலம் என்பதால் பறக்கும் தகைவிலானையும் பிடிக்கலாம், படகிலும் நிதானமாக இருக்கும். தூரத்துச் சேற்றைப் பார்க்க 10×42 சற்று உதவும், ஆனால் தொடங்குபவருக்கு நாம் எட்டையே சொல்வோம். மூக்குக்கண்ணாடி அணிபவர் ‘கண் இடைவெளி’ (eye relief – முழுக் காட்சியும் தெரிய, கண்ணுக்கும் பின்கண்ணாடிக்கும் இடையே விடக்கூடிய தூரம்) 15 மில்லிமீற்றருக்குக் குறையாததை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் காட்சியின் ஓரம் வெட்டுப்படும். நைதரசன் நிரப்பி நீர்புகாமல் செய்தது கட்டாயம். கொழும்பின் ஈரப்பதத்தில் மற்றவை சில ஆண்டுகளில் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். மடங்கை மாற்றும் ஸூம் வகையும், கண்ணாடி செக்கச்செவேல் என்று மின்னும் வகையும் வேண்டாம். சிவப்புப் பூச்சு சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும், பறவையின் நிறம் பிழையாகத் தெரியும்.

வாங்கிய பிறகு பலர் செய்யாமல் விடுவது கண்ணுக்குப் பொருத்துவதை. மூக்குக்கண்ணாடியோடு பார்ப்பதானால் கண்கிண்ணங்களை உள்ளே தள்ளிவிடுங்கள், வெறுங்கண்ணுக்கு வெளியே இழுங்கள். இரண்டு குழல்களையும் மடக்கி, ஒரே வட்டம் தெரியும்வரை சரிசெய்யுங்கள். வலது முன்கண்ணாடியைக் கையால் மூடி, இடக்கண்ணால் 30 மீற்றர் தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றை நடுச்சக்கரத்தால் கூர்மையாக்குங்கள். பிறகு இடப்புறத்தை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைக் கூர்மையாக்குங்கள். அந்த வளையம் நிற்கும் இடத்தைக் குறித்து வையுங்கள். இனி எல்லாவற்றுக்கும் நடுச்சக்கரம் மட்டுமே. “கொஞ்ச நேரத்தில் தலையிடிக்கிறது” என்று எழுதியவர்கள் அநேகமாக இந்தப் படியைத் தவறவிட்டவர்கள். அப்படிச் செய்தும் இடித்தால் குழல்கள் கோணிப்போயிருக்கலாம், மாற்றித் தரக் கேளுங்கள்.

பறவையைக் கண்டதும் குனிந்து பைனாகுலரைப் பார்க்கக் கூடாது. பார்வையைப் பறவையிலேயே வைத்துக்கொண்டு கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். வீட்டில் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். தோல் உறைக்குள் மூடி அலுமாரியில் வைப்பது பூஞ்சணத்துக்கு விருந்து.

ஒரு ஞாயிறு காலை மட்டும்தான் கிடைக்கும். பெத்தகான, தியசரு, தலங்கம, பெல்லன்வில, முத்துராஜவெல. எதற்குப் போவது?
– வாசகர், பம்பலப்பிட்டி

பழகாதவர் என்றால் தலங்கம குளம். குளக்கட்டுப் பாதையிலிருந்தே பார்க்கலாம், வாயிற்கதவு திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. குளமும் வயலும் மரமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் ஒரே நடையில் மூன்று விதப் பறவைகள் கிடைக்கும். குளத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், உள்ளான்கள் வயல் பக்கம்தான். காலை ஆறேகாலுக்கு அங்கே நிற்பது போல் வீட்டைவிட்டு இறங்குங்கள். எட்டரைக்குப் பிறகு வெயிலும் வாகனமும் கூடிவிடும். எங்கு போனாலும் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கரையில் நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லா உள்ளானும் கறுப்புத்தான்.

சிறு பிள்ளைகளோ வயதானவர்களோ கூட இருந்தால் பெத்தகான, அல்லது தலவத்துகொடவிலுள்ள தியசரு. மரப்பலகைப் பாதை உண்டு, நுழைவுச்சீட்டு எடுக்க வேண்டும். திறக்கும் நேரத்தை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். மரப் பறவைகளுக்கு இவை நல்ல இடங்கள்.

முத்துராஜவெல வேறு வகை அனுபவம். சதுப்பும் நீர்கொழும்புக் களப்பும் சேர்ந்து 6,000 ஹெக்டேயருக்கு மேல். படகில்தான் பார்க்க வேண்டும். கால்வாய் வழியாகக் களப்பு வாய்வரை போனால் நட்டுவைத்த கம்புகளில் ஆலாக்கள் உட்கார்ந்திருக்கும். மீசை ஆலாவுக்குக் குளிர்காலத்தில் கண்ணிலிருந்து பிடரிவரை கரிய பட்டை போகும். வெண்சிறகு ஆலாவுக்குக் காதுக்குப் பின்னால் தனிப்பொட்டு. ஏறும்போதே படகோட்டியிடம், பறவை தெரிந்தால் இயந்திரத்தை நிறுத்தி மிதக்கவிடும்படி சொல்லிவையுங்கள். சொல்லாவிட்டால் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டும் நல்லெண்ணத்தில் எல்லாவற்றையும் கலைத்துவிடுவார். உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கி அணியுங்கள்.

முன்பு பெல்லன்வில–அத்திடியவில் குளிர்காலத்தில் உள்ளான் கூட்டங்கள் இருந்தன என்கிறார்கள். இப்போது புதர்தான் தெரிகிறது. யாராவது பிடித்துவிட்டார்களா?
– வாசகர், இரத்மலானை

பிடித்ததைவிட இடம் போனதுதான் பெரிய காரணம். 372 ஹெக்டேயர் கொண்ட அந்தப் பகுதி 1990இல் சரணாலயமாக்கப்பட்டது. அங்கிருந்த நெல்வயல்கள் பல கைவிடப்பட்டன. உழுத வயல் உள்ளானுக்குச் சமைத்து வைத்த சோறு: சேறு கிளறப்பட்டிருக்கும், தண்ணீர் ஆழமில்லை, எதிரி வந்தால் தூரத்திலேயே தெரியும். உழவு நின்றதும் புல் வளரும், புல்லுக்குப் பின் புதர், புதருக்குப் பின் மரம். சிங்களத்தில் ‘வெல் ஆத்தா’ எனப்படும் அன்னமுன்னாக் குடும்பத்து மரம் பெரும் பரப்பை மூடிவிட்டது. திறந்த நீரை ஆகாயத்தாமரையும் சல்வீனியாவும் மூடுகின்றன. வெள்ளம் வடிய ஆழமாக்கிய நீர்நிலை வெள்ளத்துக்கு நல்லது, குட்டைக்கால் பறவைக்குப் பயனில்லை. கரையில் குப்பை கொட்டி நிரப்புவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ‘பச்சையாக இருக்கிறது, இயற்கை திரும்பிவிட்டது’ என்று பலர் மகிழ்கிறார்கள். புதர்ப் பறவைகளுக்கும் மீன்பிடிப் பூனைக்கும் அந்தப் பச்சை உண்மையிலேயே உதவும். ஆனால் உள்ளானுக்கு வேண்டியது சேறு. சேற்றைச் சேறாகவே வைத்திருக்க யாராவது உழ வேண்டும், வெட்ட வேண்டும், களைய வேண்டும். ஈரநிலங்களுக்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சரின் கீழ், கொழும்பு 2018இல் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. அந்தப் பெயர்ப்பலகையின் பயனை, திறந்த சேறு எத்தனை ஏக்கர் மிஞ்சியிருக்கிறது என்பதை வைத்தும் அளக்க வேண்டும் என்பது நம் கருத்து.

ஒக்டோபரில் எங்கள் மாடிவீட்டு பல்கனியில் பச்சை, நீலம், வயிற்றில் சிவப்பு என்று பல நிறமுள்ள குருவி மயங்கிக் கிடந்தது. தண்ணீர் பருக்கினோம், சற்று நேரத்தில் இறந்துவிட்டது. என்ன செய்திருக்க வேண்டும்?
– வாசகி, வெள்ளவத்தை

அது ஆறுமணிக் குருவி. இந்தியாவிலிருந்து இரவில் பறந்து வரும். நகர வெளிச்சத்தில் தடுமாறிக் கண்ணாடியில் மோதுவது ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. மோதலிலேயே உள்காயம் பட்டிருக்கலாம், ஆகவே தண்ணீர்தான் கொன்றது என்று எண்ணி வருந்த வேண்டாம். ஆனால் அடுத்த முறை அலகுக்குள் தண்ணீர் விடாதீர்கள், மயங்கிய பறவைக்கு அது மூச்சுக்குழாயில் போய்விடும். சோறு, பாண் எதுவும் வேண்டாம்.

காற்றுத் துளையிட்ட சப்பாத்துப் பெட்டியின் அடியில் துணி விரித்து, பறவையை இரு கைகளாலும் மெதுவாக எடுத்து வைத்து மூடுங்கள். இருட்டும் அமைதியும்தான் மருந்து. அடிக்கடி திறந்து பார்க்காதீர்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் உள்ளே தத்தும் சத்தம் கேட்கும். பகலில் திறந்துவிட்டால் காகங்கள் துரத்திக் கொத்தும். காகங்கள் அடையப்போகும் அந்தி வேளையில், செடி அடர்ந்த தோட்டத்தில் பெட்டியைத் தரையில் சாய்த்துத் திறந்துவிட்டு விலகிவிடுங்கள். இறக்கை தொங்கினாலோ இரத்தம் வந்தாலோ பூனை கவ்வியிருந்தாலோ வீட்டில் வைத்திருக்காமல் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள். கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

கண்ணாடிக்கு ஒரு வழி: ஒரேயொரு பருந்துப் படம் ஒட்டுவதில் பயனில்லை. வெளிப்புறத்தில் ஐந்து சென்ரிமீற்றர் இடைவெளியில் சிறு புள்ளிகளை ஒட்ட வேண்டும். செப்டெம்பர் முதல் நவம்பர் வரை பல்கனி விளக்கை இரவில் அணைத்துவிடுவது அதைவிடச் சுலபம்.

கைத்தொலைபேசியில் மெர்லின் செயலி குரலை வைத்துப் பெயர் சொல்கிறது. அதை நம்பி எழுதலாமா?
– வாசகர், கொள்ளுப்பிட்டி

எங்கே பார்க்க வேண்டும் என்பதற்கு நம்புங்கள், என்ன எழுத வேண்டும் என்பதற்கு வேண்டாம். ஓட்டோச் சத்தமும் பிற பறவையைப் பின்பற்றிக் கூவும் பறவைகளும் அதைக் குழப்பும். செயலி பெயர் சொன்னதும் பறவையைக் கண்ணால் தேடுங்கள். இன்னொன்று: செயலியிலுள்ள குரலை உரக்கப் போட்டுப் பறவையை வரவழைப்பது கெட்ட பழக்கம். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று கீச்சான் அலைந்து திரியும், அவ்வளவு நேரம் அது இரை தேடாது.

பறக்கும் பறவையைப் படமெடுத்தால் கலங்குகிறது, வெள்ளைக் கொக்கு வெளுத்துப்போகிறது. எவ்வளவு பக்கத்தில் போகலாம்?
– வாசகர், நுகேகொட

பறப்பதற்கு 1/1600 விநாடி அல்லது அதற்கும் வேகமாக, தொடர் குவியத்தில் வையுங்கள். ஒளி உணர்திறன் (ISO) 1600, 3200 வரை போனாலும் பரவாயில்லை, கலங்கலைவிட மணற்புள்ளி மேல். கொக்குக்கு ஒளி ஈடுசெய்தலை (exposure compensation) ஒரு படி குறையுங்கள். வானத்துக்கு எதிரே கரிய பறவை என்றால் ஒரு படி கூட்டுங்கள்.

தூரத்தைப் பறவையே சொல்லும். மேய்வதை நிறுத்திக் கழுத்தை உயர்த்தினாலே நீங்கள் கூடப் போய்விட்டீர்கள். இரண்டடி பின்வாங்கி அசையாமல் இருங்கள். மார்ச், ஏப்ரலில் திரும்பும் பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்கும் பறவையை நாளுக்குப் பத்து முறை எழுப்பினால் சேர்த்ததை அங்கேயே செலவழித்துவிடும். தியவன்னா ஓயாப் பக்கம் நீண்ட லென்ஸை நாடாளுமன்றத்தை நோக்கி நீட்டாதீர்கள். தேசிய அடையாள அட்டை பையில் இருக்கட்டும், யாராவது கேட்டால் கமராவில் உள்ளதைக் காட்டிவிடுங்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

எட்டு வயது மகளைக் கூட்டிப்போக ஆசை. முதலை, பாம்பு, நுளம்பு என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.
– வாசகி, மட்டக்குளி

பயத்தின் வரிசையை மாற்றுங்கள். நுளம்பு முதலில்: முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, நுளம்பு எதிர்ப்புக் களிம்பு. அடுத்தது எலிக்காய்ச்சல். காலில் காயமிருந்தால் வயல் தண்ணீரில் இறங்கக் கூடாது. போய்வந்த சில நாட்களில் காய்ச்சல் கண்டால் சதுப்புக்குப் போனதை மருத்துவரிடம் சொல்லுங்கள். முதலை முத்துராஜவெலவிலும் தியவன்னாவிலும் உண்டுதான், ஆகவே நீர்விளிம்பில் குந்தவிடாதீர்கள். நீங்கள் அங்கே காணப்போவது பெரும்பாலும் கபரகொய்யாவாக இருக்கும். மூடிய சப்பாத்து, தொப்பி, தண்ணீர். ஒன்றரை மணி நேரத்தோடு வீடு திரும்பிவிடுங்கள், பிள்ளை இன்னும் இருக்கலாம் என்று கெஞ்சும்போதே.

ஜூன் மாதம் களப்பில் உள்ளான்கள் மேய்ந்தன. வழி தவறியவையா?
– வாசகர், நீர்கொழும்பு

இல்லை. முந்திய ஆண்டு பிறந்த இளம்பறவைகள் சில, இனப்பெருக்க வயது வராததால் வடக்கே போகாமல் இங்கேயே தங்கும். அவற்றைத் திகதியோடு குறித்து வையுங்கள், குளிர்காலப் பதிவைவிட இது அரிது.

பார்த்ததை எழுதி வைக்கிறேன். யாருக்காவது பயன்படுமா?
– வாசகர், கொழும்பு 6

பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் (eBird) இணையத்தளத்தில் போட்டால் பயன்படும், முறையாக எழுதினால். தொடங்கிய நேரம், இருந்த நிமிடம், நடந்த தூரம், கண்ட எல்லா இனமும். அரிதானதை மட்டும் எழுதும் பட்டியலால் காகம் குறைந்ததா, மடையான் கூடியதா என்று யாருக்கும் தெரியாது. “நிறைய” என்று எழுதாமல் எண்ணிக்கை போடுங்கள். கூட்டமாக நின்றால் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அதே அளவால் மீதியை அளந்து செல்லுங்கள். பறக்கும் கூட்டத்தை எல்லோரும் குறைத்தே மதிப்பிடுவார்கள்.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிறது. சேர விரும்பினால் கொழும்புப் பல்கலைக்கழக விலங்கியல் துறையோடு இணைந்து 1976 முதல் இயங்கும் இலங்கைக் களப் பறவையியல் குழுவை அணுகுங்கள். தனியே ஆறு மாதம் திணறுவதைவிட, பழகியவர் பக்கத்தில் ஒரு காலை நின்றால் உள்ளான்கள் பிரிந்து தெரியத் தொடங்கும்.

காலில் வளையமுள்ள இறந்த பறவையைக் கரையில் கண்டேன். பயத்தில் தொடவில்லை.
– வாசகர், முகத்துவாரம்

தொடாதது நல்லது. பறவைக் காய்ச்சல் சந்தேகம் இருக்கும்வரை வெறுங்கையால் எந்த இறந்த பறவையையும் எடுக்கக் கூடாது. ஆனால் வளையத்தைக் குச்சியால் திருப்பி, எழுத்தும் எண்ணும் தெளிவாகத் தெரியும்படி எல்லாப் பக்கமும் படமெடுங்கள். எந்தக் காலில், முழங்காலுக்கு மேலா கீழா, நிறக்கொடி (காலில் மாட்டிய நிறப் பட்டை) இருந்தால் என்ன நிறம் என்பதையும் குறியுங்கள். நம் கரைகளில் கிடைக்கும் வளையங்களில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அறிவிக்கும்படி பொறித்தவையும் உண்டு. திகதி, இடம், படம் மூன்றையும் வளையத்திலுள்ள முகவரிக்கோ மேலே சொன்ன களப் பறவையியல் குழுவுக்கோ அனுப்பினால் போதும். ஒரே நாளில் பல பறவைகள் இறந்து கிடந்தால் வளையத்தைப் பார்க்காமல் முதலில் அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.